டத்தோ கொடுத்த பவளம்

மலேசியாவின் ஈப்போ நகரில் தர்மேந்திரன் வீட்டு வரவேற்பறையில், நான்கடிக் கண்ணாடித் தொட்டிக்குள் ஒரு கடல் இருந்தது. கோமாளி மீன்கள் இரண்டு, உயிர்ப்பவளங்கள் பதினொன்று. புதிய பவளம் எதுவானாலும் மருந்துநீரில் ஐந்து நிமிடம் முக்கி, ஒட்டியிருக்கும் பூச்சிகளை உதிர்த்த பிறகே உள்ளே விடுவார். கடைக்காரன் சத்தியம் செய்தாலும் விலக்குக் கிடையாது.

அந்த விதி ஒரே ஒரு நாள் மண்டியிட்டது. முன்னாள் தோட்ட மக்கள் சங்கத்தின் புரவலர், அரசு தந்த பட்டத்தாலேயே எல்லாரும் அழைக்கும் டத்தோ, தம் வீட்டுத் தொட்டியிலிருந்து பச்சைப் பவளம் ஒன்றை வெட்டிக் கொடுத்த நாள் அது.

"முக்கிட்டு விடுங்க," என்றாள் மனைவி கலாதேவி.

"டத்தோ கைப்பட குடுத்ததுலா! மருந்துல முக்குனது அவரு காதுக்குப் போனா?"

"யாரு போயி சொல்லுவா? மீனா?"

சங்கத்தில் தலைவர் பதவி காலியாக இருந்தது. டத்தோவின் சுட்டுவிரலே அங்கே வாக்குச்சீட்டு. தர்மேந்திரனின் பாட்டன் ரப்பர்த் தோட்டத்து வெள்ளைக்காரத் துரையைக் கண்டு வளைந்தான். துரை கப்பலேறிப் போனான். தோட்டமும் வீடமைப்புப் பகுதியாகிப் போனது. வளைவு மட்டும் பேரனின் முதுகில் பத்திரமாகத் தங்கிவிட்டது! பவளம் முக்கப்படாமலே உள்ளே இறங்கியது.

ஒரு மாதத்தில் அதன்மேல் துருநிறத் தட்டைப்புழுக்கள் படர்ந்தன. ஒவ்வொன்றும் எள்ளளவு, ஆனால் படையாகப் பரவி, வெளிச்சத்தை மறைத்து, மூன்று பவளங்களைக் கொன்றன. கலாதேவி தினமும் குழாய் வைத்து உறிஞ்சி வாளியில் கொட்டினாள். டத்தோவின் பவளத்தை மட்டும் தொடக்கூடாது என்பது கணவரின் உத்தரவு. குழாய் பட்டு அது கிழிந்துபோனால், பதவியும் கிழிந்துபோகுமே!

தீபாவளி உபசரிப்புக்கு டத்தோ வந்தார். தொட்டியைக் குனிந்து பார்த்தார்.

"அட, பச்சையா குடுத்தேன், செவப்பா வளத்துட்டியே! என் வீட்லயும் இப்ப எல்லாம் இந்தக் கலருதான்லா!"

"என்னா அழகு டத்தோ!" என்று உடன் வந்த சங்கச் செயற்குழு ஒருமனதாக வியந்தது. தாமும் தொட்டி வளர்க்கும் பொருளாளர் ஐயாவு கையே தட்டிவிட்டார்.

"தர்மா, நீதான் தலைவரு. நம்ம ஐயாவுக்கும் ஒரு துண்டு வெட்டிக் குடு," என்றார் டத்தோ.

தர்மேந்திரன் வெட்டினார். ஐயாவு இரு கைகளையும் பிரசாதத்துக்கு நீட்டுவதுபோல் நீட்டினார். கலாதேவி நடுவே வந்து மருந்துநீர்க் கிண்ணத்தை வைத்தாள்.

"முக்கிட்டுக் குடுங்க."

தர்மேந்திரன் டத்தோவைப் பார்த்தார். தொட்டியில் வெளுத்துக் கிடந்த மூன்று பவள எலும்புக்கூடுகளைப் பார்த்தார். முக்கினார்.

மிளகாய்த்தூள் கொட்டியதுபோல் புழுக்கள் உதிர்ந்தன. உள்ளேயிருந்து பச்சை எட்டிப் பார்த்தது.

"இது என்னா?" என்றார் டத்தோ.

"புழு, டத்தோ," என்றார் தர்மேந்திரன்.

"எங்கேருந்து வந்துச்சு?"

"நீங்க குடுத்ததுதான்," என்றாள் கலாதேவி. "ஒண்ணுகூட கொறையாம வச்சிருந்தோம்."

டத்தோ முறுக்கைத் தொடாமலே காரேறினார். பச்சைத் துண்டை வேண்டாமென்ற ஐயாவு, மறுநாளே டத்தோ வீட்டுக்குப் போய்ச் செக்கச்செவேலென்று ஒன்றை வாங்கிவந்து, முக்காமல் தம் தொட்டியில் விட்டார். அடுத்த கூட்டத்தில் ஐயாவுதான் தலைவர்.

செய்தி வந்தபோது தர்மேந்திரன் தொட்டியருகே நின்றிருந்தார்.

"வருத்தமாங்க?" என்றாள் கலாதேவி.

"வாளியக் கொண்டா," என்று சொல்லிவிட்டு, டத்தோவின் பவளத்தின்மேல் குழாயை வைத்தார்.