கூட்டக் குறிப்பில் இல்லாத வாக்கியம்

1

ஐம்பத்தொரு மணி நேரம். பதினொரு லாரி மக்காச்சோளம் எங்கள் எல்லைச் சாவடி வாசலில் அவ்வளவு நேரம் நின்றது. மூன்றாம் நாள் காலை நடந்த கூட்டத்துக்குக் குறிப்பு எழுதியவள் நான். அதில் ஒரு வாக்கியத்தை விட்டுவிட்டேன். யாரும் விடச் சொல்லவில்லை. அந்த வாக்கியத்துக்காகத்தான் இந்தக் கதை எழுதப்படுகிறது.

(எழுதப்படுகிறதாம். அலுவலகப் பழக்கம். எழுதுகிறேன்.)

2

முதல் தொடக்கம்: "போர் ஓய்ந்த நாட்டிலிருந்து, விடியலின் முதல் கதிர்களைப் போல லாரிகள்..."

அடித்துவிட்டேன். லாரிகள் லாரிகளைப் போலத்தான் வந்தன.

இரண்டாவது தொடக்கம்: "பிராந்தியப் பொருளாதார ஒத்துழைப்பின் வாயிலாக நிலைத்தன்மையை..." இது ஒப்பந்தத்தின் முதல் வரி. தட்டச்சு செய்த எனக்கே அன்று கொட்டாவி வந்தது. சாரம் இவ்வளவுதான். பக்கத்து நாட்டில் பதினாறு வருடச் சண்டை ஓய்ந்திருக்கிறது. துப்பாக்கியைக் கீழே வைத்தவர்கள் விதைத்திருக்கிறார்கள். விளைந்ததை விற்க வழியில்லை என்றால், வைத்ததை மறுபடி எடுப்பார்கள். ஆகவே சுற்றியுள்ள நான்கு நாடுகளும் வரியில்லாமல் வாங்கிக்கொள்ள வேண்டும். அவர்கள் ஊர்ப் பரிசோதனைச் சான்றை நம்ப வேண்டும். நாம் மறுபடி சோதிக்கக் கூடாது.

இது முதல் சரக்கு. திரும்பிப் போனால் ஒப்பந்தமும் அதோடு சரி.

3

நம்பிக்கை என்பது எங்கள் சாவடியில் ஒரு காகிதம். அதைச் சரிபார்ப்பவள் எந்த எண்ணையும் முழுசாக்கிச் சொல்ல மாட்டாள். பதிமூன்றரை என்று அவள் வாயில் வராது; பதிமூணு புள்ளி அஞ்சு. அதனால் அவளுக்குச் சின்னப்புள்ளி என்று பெயர். அதன்பின் இயக்குநர் பெரும்புள்ளி ஆனதற்கு நாங்கள் பொறுப்பல்ல.

முதல் நாள் காலை எட்டு மணிக்குச் சான்றைப் பார்த்தாள். ஈரம் 15.6 சதவீதம். எங்கள் வரம்பு 14. 'நிறுத்துக' என்று முத்திரை குத்தினாள். விதிப்படி சரி.

முதல் லாரியின் ஓட்டுநர் ஜன்னலருகே வந்தார்.

"ஏம்மா, சோளம் ஈரமா இருக்கா, இல்ல இந்தக் காகிதம் ஈரமா இருக்கா?"

அவள் சிரிக்கவில்லை. எண்ணைக் காட்டினாள். அவர் மூன்றாவது லாரியின் மேல் உட்கார்ந்திருந்த ஒருவனைக் காட்டினார். மச்சானாம், அவருடைய தங்கையைக் கட்டியவன். அந்த லாரியில் இருப்பது அவனுடைய முதல் விளைச்சல்.

"இது திரும்பிச்சுன்னா அவன் பழைய வேலைக்கே போயிடுவான்மா. அங்க இன்னும் ஆள் எடுக்கிறாங்க."

என்ன வேலை என்று அவள் கேட்கவில்லை. அவனுடைய வலது தோள் சற்று இறங்கியிருந்தது.

(தோளை நான் சேர்த்தேன். அன்று நான் அவன் தோளைப் பார்க்கவே இல்லை.)

4

சின்னப்புள்ளி மூன்றாவது லாரியிலிருந்து ஒரு கைப்பிடி சோளம் எடுத்து அரைத்தாள். உலர்த்தும் அடுப்பில் நான்கு மணி நேரம் வைத்தாள். ஒப்பந்தப்படி கூடாது. வைத்தாள். எடைபோட்டதும் வந்த எண் 13.5.

பிறகுதான் சான்றை மறுபடி எடுத்துப் பார்த்தாள். அடியில், கடுகளவு எழுத்தில் ஒரு நட்சத்திரக் குறி: *உலர் எடையில்.

* நானும் ஒரு நட்சத்திரம் போட்டுக்கொள்கிறேன். நூறு கிராம் சோளத்தில் 13.5 கிராம் தண்ணீர் இருக்கிறது. நாங்கள் அதை நூறால் வகுப்போம். அவர்கள் தண்ணீர் போக மிஞ்சும் 86.5-ஆல் வகுக்கிறார்கள், 15.6 வரும். தண்ணீர் அதே தண்ணீர்தான். ஒப்பந்தம் எழுதிய ஒன்றரை வருடத்தில், எதால் வகுக்கிறீர்கள் என்று யாரும் யாரையும் கேட்கவில்லை.

இது எத்தனை மணிக்கு நடந்தது என்பதை இங்கே எழுதாமல் விடுகிறேன். என் மேசையிலிருந்து பார்த்தால் அடுப்பின் சிவப்பு விளக்கு தெரியும்.

5

அவள் ஏன் உடனே சொல்லவில்லை? இந்த இடத்தில்தான் பாத்திரம் எனக்குப் பிடிபடவில்லை.

"வேலை போய்விடும் என்று பயந்தாள்." நிரந்தர வேலை, எப்படிப் போகும்? அடித்தேன்.

"விதியை மீறிச் சோதித்ததை ஒப்புக்கொள்ள..." பாதி சரி. பாதியிலேயே விட்டேன்.

"யாராவது கேட்பார்கள் என்று காத்திருந்தாள்." இதை அடிக்க முடியவில்லை. சிவப்பு விளக்கைப் பார்த்த நானும் அவளே சொல்லட்டும் என்றுதான் இருந்தேன். ஒரே அறையில் இரண்டு வாயில்லாப் பூச்சிகள்.

இரண்டாம் நாள் மாலை மச்சான் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பாலத்தில் திரும்பி நடந்தான். ஓட்டுநர் பின்னாலேயே பாதிப் பாலம் வரை போனார். தனியாக வந்தார்.

6

மூன்றாம் நாள் காலைக் கூட்டத்தில், சரக்கைத் திருப்பி அனுப்பும் கடிதத்தில் கையெழுத்துப் போடப் பெரும்புள்ளி பேனாவைத் திறந்தபோது, சின்னப்புள்ளி பள்ளிக்கூடப் பிள்ளையைப் போலக் கையைத் தூக்கினாள். எழுந்து நின்று நட்சத்திரக் குறியைப் பற்றிச் சொன்னாள். நான்கு நாட்டு அதிகாரிகளும் போனை எடுத்து வகுத்துப் பார்த்தார்கள். எல்லாருக்கும் ஒரே விடை. பதினொரு மணிக்கு வாசலைத் திறக்கச் சொல்லி உத்தரவு போனது.

என் குறிப்பில் இப்படி இருக்கிறது: "தவறு கண்டறியப்பட்டது. சரக்கு அனுமதிக்கப்பட்டது."

யார் கண்டறிந்தது, எப்போது? அந்த வினைச்சொல்லுக்கு இரண்டும் தேவையில்லை.

7

மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன். சேதி கேட்டு மச்சான் திரும்பி வருகிறான். மச்சான் வரவில்லை. மச்சான் வருகிறான், ஆனால் அடுத்த வருடம் விதைப்பதற்கு...

அவனுக்கு என்ன ஆனது என்று எனக்குத் தெரியாது. இந்த மூன்றில் எது வேண்டுமோ நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். குறிப்பில் விட்டுப்போன அந்த ஒரு நிமிடம் மட்டும்தான் என்னிடம் இருக்கிறது.

பக்கத்து நாட்டு அதிகாரி காகிதங்களை அடுக்கிக்கொண்டே, மூன்றாவது லாரிச் சோளத்துக்குக் கையெழுத்துப் போட ஆள் இல்லை என்றார். விளைவித்தவன் நேற்றே போய்விட்டான். எங்கே போனான் என்று கேட்க வேண்டாம் என்றார்.

"பாவம்" என்றார் பெரும்புள்ளி. "ஆனா என்ன பண்றது, இப்பதானே நமக்கே தெரிஞ்சுது."

எல்லாரும் தலையாட்டினார்கள். நான் எழுதிக்கொண்டிருந்தேன். சின்னப்புள்ளி இன்னும் உட்காரவில்லை.

"இல்ல சார். முந்தாநாள் சாயங்காலம் அஞ்சு மணிக்கே எனக்குத் தெரியும்."