கொத்தனார் வீட்டுக் கூரை

அந்தத் தெருவில் அவருக்கு வாய்க் கொத்தனார் என்று பெயர். சுவரைப் பாதி கையாலும் மீதி வாயாலும் எழுப்புகிற மனிதர். கரண்டியை எடுப்பதற்கு முன் அரை மணி நேரம் பேசுவார், எடுத்த பிறகு கரண்டியை ஆட்டி ஆட்டிப் பேசுவார். மற்றவர்கள் கட்டியதெல்லாம் சீட்டுக்கட்டு, தான் கட்டியது மட்டும் கோட்டை. சொந்த வீட்டுக் கூரை என்று வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். அதன் மேல் ரயிலை ஓட்டலாம் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். நல்லவேளை, ரயில்வேக்காரர்கள் யாரும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

வாத்தியார் பிள்ளை மக்கு என்பார்கள். கொத்தனார் வீட்டுக் கூரை அதற்கும் ஒரு படி மேலே போய்விட்டது. போன மழையில், அவர் வெளியூர் வேலைக்குப் போயிருந்தபோது, உள்ளறைக் கூரையிலிருந்து தாம்பாள அகலத்துக்குக் காரை பெயர்ந்து மகளின் தலையணை மேல் விழுந்தது. மகள் அப்போதுதான் தண்ணீர் குடிக்க எழுந்து போயிருந்தாள். ஒரு தம்ளர் தண்ணீர் காப்பாற்றிய உயிர். கொத்தனார் மனைவி அழக்கூட நிற்காமல் காரையை வாரிக் கொல்லையில் கொட்டினாள், அப்பாவிடம் மூச்சு விடாதே என்று மகளிடம் சொன்னாள், கட்டிலை மறு மூலைக்கு இழுத்துப் போட்டாள். மறு மூலையிலும் விரிசல் ஓடத்தான் செய்தது. முன்னறையில் கட்டில் கொள்ளாது, இருக்கிற ஒரு உள்ளறையில் இன்னொரு மூலைக்கு எங்கே போவது?

புருஷனிடம் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். சொன்னால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். ஒரு சட்டி சிமெண்டைக் குழைத்துப் பூசி, சுண்ணாம்பு அடித்து, "இனி இடியே விழுந்தாலும் அசையாது" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்காருவார். அதோடு தன் வீட்டுக் கூரையே பொத்தல் என்று வெளியே தெரிந்தால் எவன் இவரை வேலைக்குக் கூப்பிடுவான்? அவள் தையற்காரி. பூப்போட்ட திரைத்துணியை எடுத்து, சுற்றிலும் சுருக்கம் வைத்துத் தைத்து, கூரைக்குக் கீழே நான்கு பக்கமும் கயிறு போட்டுக் கட்டிவிட்டாள். தைக்கிற துணியில் பல்லி எச்சம் விழுகிறதாம், அதற்காகவாம். அவரும் நம்பினார். ஊர்க் கூரையெல்லாம் அண்ணாந்து பார்க்கிறவர் தன் வீட்டில் மட்டும் தலையைத் தூக்கிப் பார்த்ததே இல்லை. அளவு கொடுக்க வந்த ஒரு அம்மா அந்தத் துணியைப் பார்த்து மயங்கி, தன் வீட்டுக்கும் ஒன்று தைத்துத் தரச் சொன்னதுதான் கொடுமை.

இப்படியிருக்கும்போது, பழுதான கூரையைச் சரிசெய்ய அரசாங்கம் மானியம் தருகிறது என்ற செய்தி வந்தது. விதிகளை எழுதியவர் நல்ல மூளைக்காரராக இருக்க வேண்டும். கூரை இடியும் தறுவாயில் இருக்க வேண்டும், ஆனால் இடிந்திருக்கக் கூடாது. இடிந்துவிட்டால் அது கூரைப் பிரிவில் வராது, வீடு கட்டும் பிரிவுக்குப் போய்விடும், அந்த ஆபீஸ் வேறு தெருவில், அந்த ஆபீசர் எப்போதும் லீவில். ஆகவே கூரை ஆபீசரின் வசதி பார்த்து, மரியாதையாகத் தொங்கிக்கொண்டிருக்க வேண்டும். கொத்தனார் மனைவிக்கு இந்த விதி பிடித்துப்போனது. அவள் வீட்டுக் கூரை அப்படித்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

வீடு அவர் பெயரில் இருந்ததால் கையெழுத்து அவருடையது வேண்டும். கெட்டியான கூரையை இன்னும் கெட்டியாக்கக் கொடுக்கிறார்களாம், எல்லோரும் வாங்குகிறார்கள் என்று சொல்லி நீட்டினாள். ஓசி என்றால் எனக்கொன்று எங்கப்பனுக்கொன்று என்கிற ஜாதி அவர். படிக்காமல் போட்டார். ஆய்வுக்கு வருகிற நாளில் அவரை ஊருக்கு அந்தப் பக்கம் ஒரு மதில் வேலைக்கு அனுப்பியும் விட்டாள். எல்லாம் சரியாகத்தான் செய்தாள். விண்ணப்பத்தில் அவருடைய போன் நம்பரை எழுதியதுதான் பிசகு. ஆய்வுக்கு வர வேண்டிய பெண் இஞ்சினியர் வழி கேட்டு அவருக்கே போன் அடித்துவிட, மனிதர் வேலையைப் போட்டுவிட்டு வண்டியில் முன்னால் வர, பின்னால் ஸ்கூட்டரில் அந்தப் பெண் வந்து இறங்கினாள். புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண், சின்ன வயது. 

கொத்தனார் அந்தப் பெண்ணை வாசலிலேயே மடக்கினார். இந்தக் கூரைக்கு ஜல்லியைத் தானே தேர்ந்தெடுத்தது, தண்ணீரைத் தானே ஊற்றி ஆற வைத்தது என்று ஆரம்பித்து, மாடிக்கு ஏற்றிக் கொண்டுபோய், அங்கே குதித்தும் காட்டினார். கீழே நின்ற மனைவி உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தாள். மேலே ஒவ்வொரு குதிப்புக்கும் துணிக்குள் பொலபொலவென்று ஏதோ உதிர்வது அவளுக்கு மட்டும்தான் கேட்டது. இறங்கி வந்த இஞ்சினியர் முன்னறையைப் பார்த்தாள், அங்கே கூரை நன்றாகவே இருந்தது. உள்ளறையில் தலையை நீட்டினாள். பல்லிக்காகக் கட்டிய துணி என்று கொத்தனார் பெருமையாகச் சொன்னார். அந்தப் பெண்ணும், வீட்டுக்காரரே இவ்வளவு உறுதியாகச் சொல்லும்போது தனக்கென்ன வந்தது என்று, கூரை நல்ல நிலையில் உள்ளது, மானியம் தேவையில்லை என்று எழுத ஆரம்பித்தாள். கொத்தனார் முகத்தில் ஜெயித்த களை.

பாழாய்ப்போன வாய்! அந்த நேரத்தில் கொத்தனார் மனைவிக்கு அவர் மேல் வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. வேறொன்றும் யோசிக்கவில்லை, தையல் மெஷின் மேலிருந்த கத்தரிக்கோலை எடுத்தாள், ஸ்டூலில் ஏறினாள், கயிற்றை வெட்டினாள். துணி ஒரு பக்கம் சரிந்தது. இத்தனை நாள் அதற்குள் சேர்ந்திருந்த காரையும் துருவும் மெஷின் மேல் கொட்டி அறை முழுக்கப் புழுதி எழுந்தது.

புழுதி அடங்கியபோது மூன்று பேரும் அண்ணாந்து நின்றார்கள். கம்பிகள் துருவேறி உப்பி, வரிசையாக வெளியே தெரிந்தன. இஞ்சினியருக்கு இருமல் வந்துவிட்டது. கொத்தனாருக்கு யாரும் ஒன்றும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"இது எப்ப விழுந்துச்சு?" என்றார். குரலே வேறாக இருந்தது.

"போன மழையில."

"பாப்பா எங்க படுத்திருந்தா?"

அவள் அவர் நின்றுகொண்டிருந்த இடத்தைப் பார்த்தாள். அவர் குனிந்து தன் காலடியைப் பார்த்தார்.

"தண்ணி குடிக்கப் போயிருந்தா. அதான் இருக்கா" என்றாள். சொன்ன பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது.

கூரையைத் தட்டிப் பார்ப்பதற்காக இஞ்சினியர் கையில் வைத்திருந்த சுத்தியலைக் கொத்தனார் வாங்கினார். ஸ்டூலில் ஏறித் தட்டினார், உள்ளே ஒன்றுமில்லாததுபோல் பொத்தென்று சத்தம் வந்தது. இன்னொரு இடத்தில் தட்டினார், அங்கும் பொத்து. பிறகு தட்டவில்லை, அடித்தார். துண்டு துண்டாக விழுந்தது. இதுவரை நல்ல கூரை என்று சாதித்த மனிதர் இப்போது அதில் ஒரு சாண் இடத்தைக்கூட நல்லதென்று விடமாட்டார் போலிருந்தது. மனைவி ஓடிப்போய் அவர் காலைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள்.

"போதும் விடுங்க. இன்னும் ரெண்டு அடி அடிச்சீங்கன்னா இடிஞ்ச வீடு ஆயிடும். அப்புறம் அந்த லீவு ஆபீசரைத்தான் தேடிப் போவணும்."

கொத்தனார் இறங்கி அந்த ஸ்டூலிலேயே உட்கார்ந்துவிட்டார். இஞ்சினியர் பெண் சட்டென்று, நான் எதையும் பார்க்கவில்லை, கூரை இன்னும் தொங்கிக்கொண்டுதான் இருக்கிறது என்றாள். நல்ல பிள்ளை, பிழைக்கத் தெரிந்த பிள்ளை. முதலில் எழுதியதை அடித்துவிட்டு வேறு எழுதினாள். மானியம் கிடைத்துவிடும் என்றாள். ஸ்கூட்டர் சாவியைக் கையில் எடுத்த பிறகு ஞாபகம் வந்தவளாக, வேலையை எந்தக் கொத்தனார் செய்யப்போகிறார் என்றும் எழுத வேண்டும் என்றாள். அதிலென்ன யோசனை, ஐயாவே கொத்தனார்தானே, அவர் பெயரையே போட்டுவிட்டால் கூலியும் வீட்டுக்குள்ளேயே நிற்கும் என்று சிரித்தாள்.

கொத்தனார் மனைவி வாயைத் திறந்தாள். வேண்டாம் என்று எப்படிச் சொல்வது, அதுவும் இந்த மனிதர் இப்படி உட்கார்ந்திருக்கும்போது, என்று தெரியாமல் மூடிக்கொண்டாள்.

அவர் ஸ்டூலில் உட்கார்ந்தபடி மீசையில் ஒட்டியிருந்த சிமெண்ட் தூளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"என் பேரு வேணாம்மா. என் பொண்ணு படுக்கிற எடம். நல்ல கொத்தனாராப் பாத்துப் போடுங்க."