குட்டைக்கால் நாற்காலி

நாங்கள் செய்வது நாற்காலி. ஆபீஸ் நாற்காலி, சாய்வு நாற்காலி, மடக்கு நாற்காலி என்று எதைக் கேட்டாலும் செய்து கொடுப்போம். ஆனால் எங்கள் கம்பெனியின் மீட்டிங் அறையில் உட்கார ஒரு நாற்காலி கிடையாது. புது மேனேஜர் வந்த வாரமே எல்லாவற்றையும் வெளியே எடுத்துப் போடச் சொல்லிவிட்டார். உட்கார்ந்து பேசினால் பேச்சு வளரும், நின்று பேசினால் வேலை வளரும் என்பது அவருடைய கண்டுபிடிப்பு. அதைச் சுற்றறிக்கையாக அச்சடித்து ஆளுக்கொன்று கையில் கொடுத்தார்.

அன்றிலிருந்து தினமும் காலையில் சுவரோரமாக வரிசைகட்டி நிற்கிறோம். பேச்சு ஒன்றும் குறைந்துவிடவில்லை. முன்பு உட்கார்ந்து வளவளத்தவர்கள் இப்போது நின்றுகொண்டு வளவளக்கிறார்கள், அவ்வளவுதான். மேனேஜர் மட்டும் அறை நடுவில் விறைப்பாக நிற்பார். கசங்காத சட்டை, பளபளக்கும் கூர்மூக்கு ஷூ. அவருக்குக் கொடிக்கம்பம் என்று பெயர் வைத்தது நானில்லை. அந்தப் பெயர் பட்டறை வரை பரவியதில் எனக்குக் கொஞ்சம் பங்கு உண்டு.

என் வேலை புகார் கவுண்ட்டர். நாற்காலி ஆடுகிறது, கிறீச்சிடுகிறது, மாமனார் உட்கார்ந்ததும் முதுகு கழன்றுவிட்டது என்று வருகிறவர்களுக்கெல்லாம் பதில் சொல்கிறவள் நான்தான். கவுண்ட்டரில் நிற்கும் பெண்கள் குதி உயர்ந்த, முன்பக்கம் குறுகிய கறுப்பு ஷூதான் போட வேண்டும் என்று ஒரு பழைய விதி. அதை எழுதிய புண்ணியவான் ஒருநாளாவது அதைப் போட்டு நின்றிருந்தால் அன்றே கிழித்துப் போட்டிருப்பார். வருஷக்கணக்கில் அப்படி நின்றதில் என் வலதுகால் பெருவிரல் பக்கத்து விரலின் மேல் சாய்ந்துகொண்டது. அதன் அடியில் எலும்பு நெல்லிக்காய் அளவுக்குப் புடைத்துச் சிவந்து, ஷூவுக்குள் கால் விடும்போதே கண்ணில் தண்ணீர் வந்துவிடும்.

டாக்டர் காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, அம்மாவுக்கும் இப்படி இருந்ததா என்று கேட்டார். இருந்தது என்றேன். பக்கத்தில் இருந்த என் கணவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. கல்யாணமான நாளிலிருந்து என் பிறந்த வீட்டிலிருந்து ஒன்றும் வரவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தவர், இது உங்க வீட்டுச் சொத்துதான் என்று அன்றைக்குத்தான் ஒப்புக்கொண்டார்.

எலும்பை வெட்டி, நேராக்கி, உள்ளே திருகாணி முடுக்கி அனுப்பினார்கள். எக்ஸ்ரே படத்தைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் பட்டறையில் நாற்காலிக் காலுக்குப் போடும் திருகாணிக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. பாதத்தின் முன்பக்கத்தை ஊன்றவே கூடாது, குதிகாலில்தான் நடக்க வேண்டும், உட்கார்ந்தால் காலைத் தொங்கப் போடாமல் உயரத்தில் நீட்டி வைக்க வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார். பலகை மாதிரி வளையாத அடிப்பாகம் உள்ள ஒரு செருப்பும் கொடுத்தார்கள்.

வீட்டில் தலையணை மேல் தலையணை அடுக்கிக் காலை ஏற்றி வைத்துப் படுத்திருந்தேன். பார்க்க வந்தவர்கள் யாரும் என் காலைப் பார்க்கவில்லை, தங்கள் காலைக் காட்டினார்கள். நாத்தனார் வந்து என் கட்டிலிலேயே காலைத் தூக்கி வைத்து, எனக்கும் இருக்கு அண்ணி, நான் யார்கிட்டயாவது சொல்றேனா, பொறுத்துக்கிட்டுத்தானே இருக்கேன் என்று ஒரு குத்து விட்டுவிட்டு, எனக்காக வெட்டி வைத்திருந்த பழத்தைச் சாப்பிட்டுப் போனாள். மாடி வீட்டுக்காரர் குதிகால் வெடிப்பைக் காட்டினார். என் கணவரோ கேட்கிறவர்களிடமெல்லாம், ஒண்ணுமில்ல, விரல்ல சின்னதா ஒரு ஆபரேஷன் என்று என் வலியைச் சுருக்கிச் சுருக்கிச் சொல்லிக்கொண்டிருந்தார். இவர் ஒருமுறை சுவரில் ஆணி அடிக்கப்போய் நகத்தில் அடித்துக்கொண்டு, கட்டுப் போட்ட கையைத் தூக்கிக்கொண்டே ஊரைச் சுற்றி வந்தவர்.

தையல் பிரித்த வாரத்தில் கொடிக்கம்பம் போன் செய்தார். உடம்பைப் பற்றிக் கேட்டார். என்னால் இன்னும் நிற்க முடியாது என்று தெரிந்ததும் குரலில் கனிவு கூடியது. அந்தக் கனிவைக் கேட்டதும்தான் எனக்குச் சந்தேகம் வந்தது.

"பரவால்லம்மா, கஷ்டப்படாதீங்க. நிக்க முடியாதவங்களுக்குன்னு கீழே நல்ல நாற்காலி இருக்கு."

கீழே என்றால் அடித்தளத்தில் இருக்கும் திரும்பி வந்த சரக்கு அறை. உடைந்ததும் ஆடுவதும் கிறீச்சிடுவதுமாக வாடிக்கையாளர்கள் திருப்பி அனுப்பிய நாற்காலிகள் கூரை வரை அடுக்கியிருக்கும். ஜன்னல் கிடையாது. எனக்கு முன்பு அங்கே அனுப்பப்பட்ட அண்ணன் ஒருவர் ரிட்டயரான நாளை ஆபீஸே மறந்துவிட்டது. அவராகவே மேலே வந்து, நான் நேத்தோட முடிஞ்சிட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த வாரம் முதலாளியம்மா வருகிறார் என்றும், அன்றைய மீட்டிங்கில் நான் இல்லாவிட்டால் கவுண்ட்டருக்கு வேறு ஆளைப் போட்டுவிட்டு என்னைக் கீழே மாற்றிவிடுவதாகவும் சொல்லி போனை வைத்தார். எனக்கு அழுகை வந்தது. அந்தக் கவுண்ட்டரில் நான் வாங்காத திட்டு இல்லை. ஆனாலும் அங்கே மனுஷ முகங்களைப் பார்க்கலாம். திட்ட வந்தவர்கள் பலர் போகும்போது சிரித்துக்கொண்டு போவார்கள். அதைச் செய்ய எனக்குத் தெரியும். அதை விட்டுக்கொடுத்துவிட்டு இருட்டறையில் உடைந்த நாற்காலிகளுக்குக் காவல் இருக்க எனக்கு மனசில்லை.

காலைத் தொங்கப் போடாமல் இருப்பதானால் போகலாம் என்று டாக்டர் அரைமனதாகச் சம்மதித்தார். மீட்டிங் நாள் காலையில் பலகைச் செருப்பும் ஊன்றுகோலுமாகக் குதிகாலால் நடந்து மீட்டிங் அறைக்குப் போய்ச் சேர்ந்தேன். எல்லோரும் சுவரோரமாக நின்றிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் ஐயோ பாவம் என்றார்கள். ஒரு நாற்காலி வேண்டும் என்றதும் அத்தனை பேரும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

கடைசியில் பேக்கிங் செய்யும் அக்காதான் முணுமுணுத்துக்கொண்டே கீழே போய், திரும்பி வந்த சரக்கிலிருந்து ஒரு நாற்காலியையும் முக்காலியையும் தூக்கிக்கொண்டு வந்தார். நாற்காலியில் ஒரு கால் குட்டை. உட்கார்ந்தால் ஆடியது. என் கைப்பையில் பழைய சுற்றறிக்கை இருந்தது. அதை நாலாக மடித்து அந்தக் காலுக்கு அடியில் கொடுத்தோம். ஆட்டம் கொஞ்சம் அடங்கியது. முக்காலி மேல் தலையணை வைத்துக் காலை நீட்டினேன். நீட்டிய பிறகுதான் கவனித்தேன், என் கால் நேராக மேனேஜர் நிற்கும் இடத்தைக் காட்டிக்கொண்டிருந்தது.

கொடிக்கம்பம் உள்ளே வந்து நாற்காலியைப் பார்த்தார், காலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். டாக்டர் சொல்லியிருக்காரு சார் என்றேன். அவர் வாயைத் திறப்பதற்குள் கதவு திறந்து முதலாளியம்மா வந்துவிட்டார்.

முதலாளியம்மாவுக்கு வயது அதிகம், பேச்சு குறைவு. மேனேஜரை வேலைக்கு எடுத்தது அவருடைய மருமகன். அந்த அம்மாள் இவரை நேரில் பார்த்தது கிடையாது. அறையைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார். ஊரே நிற்கிறது, நான் மட்டும் கால் நீட்டி உட்கார்ந்திருக்கிறேன். நேராக என்னிடம் வந்தார்.

"எழுந்திரிக்காதீங்க மேனேஜர். கால்ல என்ன?"

நான் விரலைச் சொன்னேன். அவர் பட்டறையைப் பற்றிக் கேட்டார், புகார்களைப் பற்றிக் கேட்டார், எந்த நாற்காலி அதிகம் திரும்பி வருகிறது என்று கேட்டார். தெரிந்ததைச் சொன்னேன். கொடிக்கம்பம் தொண்டையைச் செருமிக்கொண்டு பக்கத்தில் வந்து நின்று, மேடம் நான்தான் என்று ஆரம்பித்தார். இருங்க தம்பி, பேசிட்டு இருக்கோம்ல, குடிக்கக் கொஞ்சம் தண்ணி கொண்டாங்க என்றார் முதலாளியம்மா. அவரும் என்ன செய்வதென்று தெரியாமல் போய்விட்டார்.

அப்போதே நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். தண்ணீர் வந்து சேரட்டும் என்று இருந்தேன். டம்ளரைத் தட்டில் வைத்து அவர் நீட்டியபோது, அம்மா, மேனேஜர் இவர்தான் என்றேன். முதலாளியம்மா தண்ணீரைக் குடித்து முடித்துவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"அப்படியா? பின்ன ஏன் நிக்கிறாரு?"

கொடிக்கம்பம் தன் கொள்கையை விளக்கினார். நேரம் மிச்சமாவது, ரத்த ஓட்டம், சுறுசுறுப்பு எல்லாம் வந்தது. முதலாளியம்மா பொறுமையாகக் கேட்டார். சரி, உங்களுக்குத்தான் நிக்கப் பிடிக்குதே, வாங்க, பட்டறை முழுக்கச் சுத்திக் காட்டுங்க என்று கிளப்பிக்கொண்டு போனார். பட்டறை, பெயின்ட் கூடம், லாரி ஏற்றும் இடம் என்று அந்த அம்மாள் ஒரு மூலையைக்கூட விட்டுவைக்கவில்லை என்று பேக்கிங் அக்கா பிறகு சொன்னார். அங்கங்கே பட்டறைக்காரர்கள் நாற்காலி போட்டிருக்கிறார்கள். முதலாளியம்மா ஒவ்வொன்றிலும் உட்கார்ந்து பார்த்தாராம். மேனேஜர் மறந்தும் உட்காரவில்லையாம்.

மதியம் முதலாளியம்மாவின் கார் போயிற்று. எல்லோரும் சாப்பிடப் போனார்கள். நான் காலை இறக்க முடியாமல் அங்கேயே இருந்தேன். கொடிக்கம்பம் உள்ளே வந்து கதவைச் சாத்தினார். முகம் கடுகடுவென்று இருந்தது.

"திங்கட்கிழமையிலேருந்து நீங்க கீழே."

வலியோடு இவ்வளவு தூரம் வந்ததெல்லாம் வீணாய்ப் போயிற்றே என்று இருந்தது. சொல்லி முடித்தவர் போகவில்லை. சுவரில் சாய்ந்தார். ஒரு காலைத் தூக்கி மற்றக் கால் மேல் வைத்தார், மாற்றி வைத்தார். அப்போதுதான் அந்த ஷூவைச் சரியாகப் பார்த்தேன். பெருவிரல் பக்கம் தோல் மேடுதட்டி, பாலிஷ் வெடித்திருந்தது. அந்த மேடு எனக்குத் தெரியாததா?

"ஒரு காலா, ரெண்டுமா சார்?"

எது என்று கேட்டார். நான் அவர் ஷூவைக் கண்ணால் காட்டினேன். கொஞ்ச நேரம் விறைப்பாக நின்றார். பிறகு உட்கார இடம் தேடினார். அறையில் என் நாற்காலியையும் என் கால் இருந்த முக்காலியையும் தவிர வேறொன்றும் இல்லை. மற்றதையெல்லாம் அவர்தான் வெளியே போடச் சொல்லியிருந்தாரே. சுவரைப் பிடித்தபடி மெல்லச் சரிந்து தரையில் உட்கார்ந்தார். ஷூவையும் சாக்ஸையும் கழற்றினார். என்னுடையது நெல்லிக்காய் என்றால் அவருடையது எலுமிச்சம்பழம். வலி தாங்காமல் அவர் கண் கலங்கியிருந்தது. எனக்குப் பாவமாகத்தான் இருந்தது, கோபமும் போகவில்லை.

ஆபரேஷன் ரொம்ப வலிக்குமா என்று கேட்டார். முதல் சில நாள் உயிர் போகும், அப்புறம் தாங்கிக்கொள்ளலாம் என்றேன். எப்போது நிற்கலாம் என்று கேட்டார். அவசரப்பட்டால் போட்ட திருகாணி கழன்றுவிடும், மாசக்கணக்கில் ஆகும் என்றேன்.

"அதுவரைக்கும் இந்த மீட்டிங்... நான் எங்க..."

"நிக்க முடியாதவங்களுக்குன்னு கீழே நல்ல நாற்காலி இருக்கு சார்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் நாற்காலியில், அவர் தரையில். கதவு திறந்தது. சாப்பிட்டுவிட்டு வந்தவர்கள் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். ஒற்றைக்கால் வெறுங்காலாக மேனேஜர் தரையில் உட்கார்ந்திருக்கிறார், அவர் தலைக்கு மேலே என் கட்டுப்போட்ட கால் நீட்டிக்கொண்டிருக்கிறது. அவர் எழப் பார்த்தார், முடியவில்லை. என் ஊன்றுகோலை நீட்டினேன். அதைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். யார் முகத்தையும் பார்க்காமல், கீழே இருக்கிற நாற்காலியெல்லாம் மேலே கொண்டு வாங்க என்றார்.

"எது சார், ஆடுறதுமா?" என்று கேட்டார் பேக்கிங் அக்கா.

"எல்லாம்."

திங்கட்கிழமை நான் கீழே போகவில்லை. கவுண்ட்டரில்தான் இருக்கிறேன், அந்தக் குட்டைக்கால் நாற்காலியில் உட்கார்ந்தபடி. கறுப்பு ஷூ விதியைப் பற்றி இப்போது யாரும் பேசுவதில்லை. கொடிக்கம்பம் ஆபரேஷனுக்கு நாள் குறித்துவிட்டார். போவதற்கு முன் புதிய சுற்றறிக்கை ஒன்று அச்சடித்துக் கொடுத்தார். நின்று பேசினால் பேச்சு வளரும், உட்கார்ந்து பேசினால் வேலை வளரும் என்று அதில் இருக்கிறது. நாலாக மடித்துப் பழையதோடு சேர்த்துக் குட்டைக் காலுக்கு அடியில் கொடுத்திருக்கிறேன். நாற்காலி இப்போது ஆடுவதில்லை.