மெர்சி மேடத்தைப் பற்றி ஒரு பக்கம்

1

இந்தக் கதைக்குக் காரணம் கோமளா. போத்தனூரில் இருக்கும் எங்கள் பம்ப் தொழிற்சாலையின் ஆண்டு மலருக்கு, ‘மேலதிகாரியோடு இணைந்து வேலை செய்வது எப்படி?’ என்று ஒரு பக்கம் கேட்டார். மனிதவளப் பிரிவில் இருப்பவர், மறுத்தால் விடமாட்டார். ஐந்து குறிப்புகளை எழுதிக் கொடுத்துவிட்டுத் தப்பித்துக்கொள்ளலாம் என்றுதான் உட்கார்ந்தேன்.

முதல் குறிப்பு: மேலதிகாரியின் மனநிலை அறிந்து

(அடித்துவிட்டேன். எட்டு வருடமாகிறது, மெர்சி மேடத்தின் மனநிலை எனக்கு ஒரு நாளும் பிடிபட்டதில்லை.)

2

வேறு தொடக்கம்: ‘எங்கள் உற்பத்தி மேலாளர் மெர்சி, கோபிசெட்டிபாளையத்துக்காரர், கோபமே வராத’

இதுவரை படித்துவிட்டுக் கோமளா சிரித்தார். “ஏனுங்க கௌதமன், இப்படி ஒரு மனுசி இருக்கறாங்கன்னா ஆருங்க நம்புவாங்க? ஒரு குறையாச்சும் வெய்யுங்க.”

சரி, வைக்கிறேன். சோற்றை வாயில் வைத்துக்கொண்டே வேலை பேசுவார். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்குப் போன் செய்து, “தூங்கறீங்களா?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் ஆரம்பித்துவிடுவார். பாராட்டுவது அறவே கிடையாது. போதுமா கோமளா?

3

இனிக் கதை.

எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் ஓல்டேஜ் அடிக்கடி இறங்கிவிடும். அதனால் ஒவ்வொரு மோட்டாரையும் குறைந்த ஓல்டேஜில் ஓட்டிப் பார்த்துத்தான் அனுப்ப வேண்டும். அது என் வேலை. சென்ற மாதம் ஒரு நாள் லாரிக்காரர் வாசலில் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார். இருபத்திரண்டு மோட்டாரில் இரண்டை மட்டும் ஓட்டிவிட்டு, எல்லாவற்றுக்கும் டெஸ்ட் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டேன். என் கையெழுத்துக்குக் கீழே, என்னை நம்பி, மேடமும் போட்டார். லாரி உடுமலைப்பேட்டைக் கடைக்குப் போய்ச் சேர்ந்தது.

மறுநாள் அதே பேட்சில் மிஞ்சிக் கிடந்த ஒன்றைக் குறைந்த ஓல்டேஜில் ஓட்டினேன். முனகியது, சுற்றவில்லை.

(இடைக்குறிப்பு: நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. மோட்டார் புகைந்தால் எங்கள் ஊரில் எல்லோரும் கரண்டைத்தான் திட்டுவார்கள். அந்த எண்ணமே எனக்கு வரவில்லை என்று முதலில் எழுதினேன். பொய். அரை மணி நேரம் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.)

மேடத்திடம் போய்ச் சொன்னேன். அவர் திட்டுவதற்கு முன்

(இல்லை. திட்டவே இல்லை.)

உடனே கடைக்காரர் ஷேக் பரீத்துக்குப் போன் போட்டார். “பரீத் பாய், நேத்து வந்த மோட்டார்ல ஒண்ணக்கூட வித்துப்போடாதீங்க. தப்பு எங்களுதுங்க. திருப்பி எடுக்க லாரி வருது.”

பிறகு என்னிடம் கேட்டார்: “மிச்சத்த எதுக்குங்க ஓட்டிப் பாத்தீங்க?”

“மனசு கேக்கலீங்க மேடம்.”

“செரி. இனிமே எல்லா பேட்சுலயும் ஒண்ண நிறுத்தி வெச்சு ஓட்டிப் பாத்தரலாமுங்க.”

அவ்வளவுதான். எனக்கு வந்த உறுத்தலை அரை நிமிடத்தில் தொழிற்சாலையின் வழக்கமாக்கிவிட்டார். இந்த மனுஷியை எனக்கு ரொம்பப் பிடிக்கும். கதையில் இப்படி நேராகச் சொல்லக் கூடாது என்பார்கள், சொன்னால் என்ன?

4

மோட்டார்கள் ஏன் திரும்பி வந்தன என்று முதலாளி வேங்கடசாமி விசாரித்தபோது, “பாக்காம கையெழுத்துப் போட்டது நானுங்க” என்று மட்டும் மேடம் சொல்லியிருக்கிறார். என் பெயர் வரவே இல்லை. அவருடைய சொந்த ஊரான கோபியில் வரவிருக்கும் புதுத் தொழிற்சாலை அவர் பொறுப்பில்தான் என்று பேச்சாகியிருந்தது. இப்போது முதலாளி ‘யோசிக்கலாம்’ என்கிறார். திங்கட்கிழமை கூட்டத்தில் முடிவு.

நடந்ததை நானே கூட்டத்தில் சொல்லிவிடுகிறேன் என்றேன்.

“உங்க வேலைக்கு நீங்களே உலை வெச்சுக்காதீங்க. பேசாம இருங்க” என்றார்.

5

ஒரு முடிவு: கூட்டத்தில் எழுந்து உண்மையைச் சொல்கிறேன். முதலாளி நெகிழ்ந்துபோகிறார். மேடத்துக்குக் கோபி, எனக்கும் வேலை போகவில்லை. (கோமளாவுக்கு இதுதான் பிடிக்கும்.)

இன்னொரு முடிவு: எழுந்து சொல்கிறேன். மேடத்துக்குக் கோபி, எனக்கு வீடு.

மூன்றாவது: நான் எழுந்திருக்கலாம் என்று நினைத்து

இன்று ஞாயிறு. முதல் முடிவை நேற்று மூன்று பக்கத்துக்கு விரிவாக எழுதினேன். முடித்தபோது கண் கலங்கியது. நெஞ்சு லேசாகி, நன்றாகத் தூங்கினேன். காலையில்தான் உறைத்தது: சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்ட நிம்மதி எழுதியதிலேயே எனக்கு வந்துவிட்டது. மூன்று பக்கத்தையும் கிழித்துப் போட்டேன்.

ஆகவே முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். நான் எழுதினால், நாளைக்குக் கூட்டத்தில் உட்கார்ந்தே இருந்துவிடுவேன்.