கலெக்டர் மயிலும் ஒரு ஹெட்போனும்

எல்லையைத் தாண்டி மலையாள மண்ணுக்குள் இருக்கிற பெருமாட்டிப் பக்கம் ஆட்களைவிட மயில்கள் அதிகம். அதில் ஒன்றுக்குக் கலெக்டர் என்று பேர். அது வரப்பேறி ரோட்டுக்கு வந்தால் டிராக்டர் நிற்கும். கடந்து போன பிறகும் மரியாதைக்குச் சற்று நேரம் நிற்கும். அந்தக் கலெக்டர் தினமும் காலையில் ரத்தினசாமி வீட்டு மாட்டுக்கொட்டகைக் கூரையில் வந்து உட்காரும். அங்கிருந்து ஜன்னல் வழியாகப் பார்த்தால் அவருடைய மருமகள் யோகப்பிரியாவின் லேப்டாப் நன்றாகத் தெரியும்.

யோகப்பிரியா ஒரு பெங்களூர் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை பார்த்தாள். மெல்பர்னில் மெத்தை விற்கிற ஒருவருக்கு வாராவாரம் விற்பனைக் கணக்கைத் திரையில் விரித்துக் காட்டி விளக்க வேண்டும். அவருக்கு அது மத்தியானம், இவளுக்குக் காலை ஏழு மணி. அந்த நேரத்தில்தான் பக்கத்துத் தோப்பு மோகனசுந்தரம் தேங்காய் உரிக்கிற மெஷினைப் போடுவார். ஹாரனில் வைத்த கையை எடுக்காமல் கள்ளு வண்டி போகும். மாமியார் சுப்பாத்தாள் மாட்டை அதட்டுவாள். அவள் இங்கே அதட்டினால் கோவிந்தாபுரத்து மாடுகள் தப்புச் செய்ததுபோல் தலை குனியும் என்பார்கள்.

இவையெல்லாம் கூடப் பரவாயில்லை. கலெக்டரிடம் ஒரு வித்தை இருந்தது. யோகப்பிரியா மைக்கை அணைத்து வைத்திருக்கும்வரை இறகு கோதிக்கொண்டிருக்கும். மைக்கைத் திறந்து "குட் மார்னிங்" என்றதும் கழுத்தை நீட்டி ஒரே அகவல். கூட்டத்தில் யார் என்ன பேசினார்கள் என்று தானே எழுதிக்கொள்கிற மென்பொருள் ஒன்று கம்பெனியில் உண்டு. அது கலெக்டரையும் பேச்சாளராகச் சேர்த்து, அடுத்த வாரத்துக்குள் செய்து முடிக்க இரண்டு வேலைகளையும் அதன் பேரில் போட்டிருந்தது.

மேலாளர் நர்மதா கூப்பிட்டாள். "யோகா, உங்க ஆபீஸ்ல யாரையாவது போட்டு அடிக்கறீங்களான்னு மெத்தைக்காரர் கேக்கறார்."

"அது மயில், மேடம்."

"போன வாரமும் மயில்னுதான் சொன்னே. மாசக் கடைசியில ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கற மீட்டிங். அன்னிக்கு மட்டும் சத்தம் வந்துச்சுன்னா நீ பெங்களூருக்கே வந்துடணும். என்னால அதுக்கு மேல தாங்க முடியாது."

பெங்களூர் என்றால் பழையபடி ஹாஸ்டல் அறை, அடுக்குக் கட்டிலில் மேல்தட்டு. கணவன் தனபாலைத் தென்னந்தோப்போடு வேரோடு பெயர்த்து ரயிலேற்ற முடியாது. கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அன்று சாயங்காலமே ஹெட்போன் வாங்குவதென்று யோகப்பிரியா முடிவு செய்தாள். வெளிச்சத்தத்தை அடக்கிக் காட்டுகிற ஹெட்போன்கள் வந்திருக்கின்றன, பிடிக்காவிட்டால் திருப்பியும் கொடுத்துவிடலாம் என்று அவள் வீட்டில் சொன்னதும் ரத்தினசாமி நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் மாடு வாங்கிப் பழகியவர்.

"அப்படின்னா கறவை மாட்டுக் கணக்குத்தானுங்க அம்மிணி. சொல்றவன் என்ன வேணாலும் சொல்லுவான். ரெண்டு நேரம் நம்ம கையில கறந்து பாத்துட்டுத்தான் புடிக்கோணும்."

யோகப்பிரியாவுக்கும் அது சரியாகத்தான் பட்டது. பெட்டிகள் வர ஆரம்பித்தன. கொண்டு வந்து கொடுக்கிற ஜோமோன் கேட்டைத் திறந்துகொண்டே கேட்பான்: "சேச்சி, இன்னிக்கும் ஹெட்போனா? இந்த வீட்ல ஆளுக்கு எத்தனை காது?"

ஒன்று தலையைப் பிடித்த பிடியில் கண் பிதுங்கியது. இன்னொன்றைப் போட்டால் காதுக்குள் வேர்த்து ஊற்றியது, தனபால் அதைத் தோப்புப் பாசனத்துக்கு யோசித்துப் பார்த்தான். கடைசியாகக் கறுப்பில் பெரிதாக ஒன்று வந்தது. ரத்தினசாமி துண்டை அவிழ்த்து வைத்துவிட்டு மாட்டிக்கொண்டார். மோட்டாரை நிறுத்தாமல் வந்ததற்காகச் சுப்பாத்தாள் அவர் முன்னால் நின்று பிடிபிடியென்று பிடித்துக்கொண்டிருந்த நேரம் அது. அவர் நாட்டியம் பார்க்கிறவர்போல் சிரித்துக்கொண்டே இருந்தார்.

"அம்மிணி, இதேதான். உங்க அத்தையோட வாய் மட்டும் அசையுதுங்க. ஒரு சொல்லு உள்ள வரல."

செய்தி பரவிற்று. மறுநாள் மோர் குடிக்க வந்தேன் என்று சொல்லிக்கொண்டு ஊரில் கல்யாணமான ஆண்கள் அத்தனை பேரும் வந்து வரிசையில் நின்றார்கள். மோகனசுந்தரம் போட்டுப் பார்த்துவிட்டு, உள்ளே இருந்த அமைதியில் தன் மரத்தில் இளநீர் முற்றுகிற சத்தம் கேட்டதாகச் சொன்னார். தனபால் அதை மாட்டிக்கொண்டு தோப்புக்குள் போனபோது முதுகுக்குப் பின்னால் ஒரு குலையே விழுந்ததாம், அவனுக்குத் தெரியவில்லை. குலைக்கும் அவமானமாகப் போயிற்றாம்.

யோகப்பிரியாவும் போட்டுப் பார்த்தாள். மெஷின் இல்லை, கள்ளு வண்டி இல்லை, கலெக்டர் இல்லை. உலகத்தையே பஞ்சுக்குள் வைத்து மூடியது போலிருந்தது. இனிப் பெங்களூர் ஹாஸ்டல் வேறு யாருக்கோ என்று நினைத்துக்கொண்டாள்.

அந்த வாரக் கூட்டத்தில் தெம்பாக உட்கார்ந்து பேசினாள். பேசப்பேச மெத்தைக்காரர் முகம் சுருங்கியது. கணக்கில் பிழையோ என்று பார்த்தாள், இல்லை. அவர் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டார். திரையின் ஓரத்தில் நர்மதாவிடமிருந்து ஒரே சொல் வந்து விழுந்தது: "மயில்!"

யோகப்பிரியா ஹெட்போனைக் கழற்றினாள். மதகைத் திறந்தாற்போல அத்தனை சத்தமும் ஒன்றாகப் பாய்ந்தது. கலெக்டர் கூரையிலிருந்து இறங்கி ஜன்னல் திட்டுக்கே வந்திருந்தது.

கூட்டம் முடிந்ததும் நர்மதா கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "அடுத்த வாரம் ஒப்பந்த மீட்டிங். ரயிலுக்கு டிக்கெட் போட்டு வச்சுக்கோ யோகா. எதுக்கும் இருக்கட்டும்."

தனபால் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய், ஏற்கெனவே வெட்டியிருந்த பாத்தியைத் திரும்ப வெட்டினான். ரத்தினசாமிக்குத்தான் ஆறவில்லை. "நெம்ப நல்ல சாமானாச்சே அம்மிணி. நாங்க ஊரே போட்டுப் பாத்தமே."

யோகப்பிரியா அடுப்பில் பொங்கின பாலை இறக்கி வைத்துவிட்டு அப்படியே நின்றாள். பிறகு சிரித்தாள்.

"மாமா, தப்பு அங்கதானுங்க. இது என்ர காதை மூடுது. என்ர வாய்க்குப் பக்கத்துல வர்ற சத்தத்தை யாரு மூடறது? பாலைக் குடிக்கறவரு மெல்பர்ன்ல இருக்கறாரு. நாம எல்லாருமாச் சேந்து இங்க செம்பை மோந்து பாத்துட்டு இருந்துட்டமுங்க."

ரத்தினசாமி யோசித்துவிட்டு, "அட ஆமா! செம்பைத்தான் மோந்திருக்கறோம்" என்றார்.

அப்படியானால் கேட்டுச் சொல்லத் தூரத்தில் ஓர் ஆள் வேண்டும். முகத்துக்காக நல்லா இருக்கிறது என்று சொல்லாத ஆள். யோகப்பிரியாவுக்கு ஆனந்தி ஞாபகம் வந்தது. ஹாஸ்டலில் அவளுக்குக் கீழ்த்தட்டில் படுத்தவள், இப்போது போடிமெட்டுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்ட விடுதியைப் பார்த்துக்கொள்கிறாள். யோகப்பிரியாவின் கல்யாணப் புடவையைப் பார்த்துவிட்டு மேடையிலேயே "ஏட்டி, திரைச்சீலையை ஏன் கட்டிருக்க?" என்று கேட்டவள்.

ஜோமோன் மறுபடி பெட்டிகளோடு வந்தான். இந்தத் தடவை யோகப்பிரியா காதைப் பற்றி எழுதியிருந்ததை விட்டுவிட்டு மைக்கைப் பற்றி எழுதியிருந்ததை மட்டும் படித்துத் தருவித்திருந்தாள். கடைசிப் பெட்டியில் இருந்தது பார்க்கச் சகிக்கவில்லை. பஸ் ஸ்டாண்டில் அறிவிப்புச் சொல்கிறவர் மாட்டியிருப்பதுபோல் ஒல்லியாக ஒரு வளையம், கன்னத்தைச் சுற்றி வாய்க்கு நேரே வந்து நிற்கிற ஒரு தண்டு.

"இதென்ன அம்மிணி, மூஞ்சிக்கு முன்னால பல்லு விளக்கற குச்சி?" என்றாள் சுப்பாத்தாள்.

யோகப்பிரியா லேப்டாப்பில் ஆனந்தியைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டு திரும்பினாள். "அத்தை, நீங்க பட்டிக்குப் போய் மாட்டை அதட்டுங்க. நல்லா மனசாரத் திட்டோணும்."

"மாடு இன்னைக்கு ஒண்ணும் பண்ணலியே."

"மாமாவை நெனச்சுக்குங்க."

அதற்குப் பிறகு சுப்பாத்தாளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. மோகனசுந்தரம் மெஷினை ஓட்டினார். கள்ளு வண்டிக்காரர், போகிற வழியில் இப்படியொரு அழைப்பு வந்ததேயில்லை என்று சந்தோஷமாக ஹாரனில் ஏறி உட்கார்ந்தார். கலெக்டர் மட்டும் மசியவில்லை. இது வெறும் ஒத்திகை என்று அதற்குத் தெரிந்திருந்தது. யோகப்பிரியா முதுகை நிமிர்த்தி ஆபீஸ் குரலில் "குட் மார்னிங்" என்றதும்தான் நம்பிக் கழுத்தை நீட்டியது.

முதல் பெட்டிக்கு ஆனந்தி, "ஏட்டி, கல்யாண வீட்டுப் பந்தியில உக்காந்தா பேசுத?" என்றாள்.

இரண்டாவதற்கு, "சத்தம் போச்சு. கூடவே நீயும் போயிட்ட. கெணத்துக்குள்ள விழுந்துட்டியா?"

குச்சி வைத்ததை மாட்டிக்கொண்டு யோகப்பிரியா போன மாத விற்பனை பூராவையும் வாசித்தாள். சுப்பாத்தாள் ரத்தினசாமியின் தாய்வழி உறவு வரைக்கும் போயிருந்தாள். மெஷின் உறுமியது, ஹாரன் ஓயவில்லை, கலெக்டர் மூச்சு வாங்கியது. அந்தப் பக்கம் ஒரு பதிலும் இல்லை.

"ஆனந்தி, இருக்கியா?"

"இருக்கேன். மலையில மஞ்சு எறங்கிருச்சு, குளிருது. எவ்வளவு நேரந்தான் காத்துட்டு இருக்கது? அவுகள ஆரம்பிக்கச் சொல்லுட்டி!"

யோகப்பிரியா போட்ட கூச்சலில் மெஷினே ஒரு கணம் நின்றதாக மோகனசுந்தரம் சாதிக்கிறார்.

ஒப்பந்த நாள் வந்தது. அன்றைக்கென்று எல்லாம் கூடி வந்தன. சினைமாடு கன்று போட ஆரம்பிக்க, சுப்பாத்தாள் ஊர்ப் பெண்களை எல்லாம் பேர் சொல்லிக் கூப்பிட்டாள். கள்ளு வண்டி வாய்க்காலில் இறங்கி ஹாரன் சிக்கிக்கொண்டது. கலெக்டர் நான்கு பெட்டைகளையும் கூட்டிக்கொண்டு வந்து ஜன்னல் திட்டில் சபை கூட்டியது. குச்சிக்காரன் காதை மூடுகிற வேலைக்கெல்லாம் வரமாட்டான், அத்தனையும் யோகப்பிரியாவின் மண்டைக்குள் இறங்கியது. அவள் அந்தக் கலவரத்தின் நடுவே, குழந்தையைத் தூங்கப் பண்ணுகிறவள்போல மெதுவாக, ஒரு சொல் பிசகாமல் மெத்தைக் கணக்கைச் சொல்லிக்கொண்டே போனாள். வியர்வை மட்டும் கழுத்தில் ஓடியது.

சொல்லி முடித்தாள். நர்மதா நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

மெத்தைக்காரர் நாற்காலியில் சாய்ந்து, "நீங்கள் எந்த ஊரில் இருக்கிறீர்கள்?" என்று கேட்டார். "நான் ஆயுசு முழுக்கத் தூக்கத்தை விற்கிறவன். இப்படியொரு அமைதியை எங்கேயும் கேட்டதில்லை. அங்கே வந்து ஒரு வாரம் தங்க முடியுமா?"

ஒப்பந்தம் முன்பிருந்ததைவிட நீண்ட காலத்துக்குக் கையெழுத்தானது. நர்மதா தனியாகக் கூப்பிட்டாள். "யோகா, டிக்கெட்டைக் கேன்சல் பண்ணிடு. நீ பெங்களூர் பக்கம் வந்தே, நான் பொல்லாதவளாயிடுவேன். அங்கேயே இரு. அந்த ஹெட்போன் பேரை அனுப்பு, டீம்ல எல்லாருக்கும் அதான்."

தனபால் தோப்பிலிருந்து ஓடி வந்தான். என்ன ஆயிற்று என்று கேட்க வாயெடுத்தவன் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்கவில்லை. கன்றுக்கு மெல்பர்ன் என்று பேர் வைத்தார்கள்.

கறுப்பு ஹெட்போனைத் திருப்பித் தருகிற நாள் தாண்டிவிட்டது. தாண்டும்வரை அதை வைக்கோல் போரில் ஒளித்து வைத்திருந்தவர் ரத்தினசாமி. ஆனால் அதைக் கண்டெடுத்தவள் சுப்பாத்தாள். அவர் அரசியல் பேச வாய் திறக்கும்போதெல்லாம் இப்போது அவள்தான் அதை மாட்டிக்கொள்கிறாள்.

கலெக்டர் அடுத்த வாரமும் நேரத்துக்கு வந்தது. "குட் மார்னிங்" கேட்டது, கழுத்தை நீட்டி ஒருமுறை அகவியது, வழக்கமான பதற்றத்துக்காகக் காத்திருந்தது. யோகப்பிரியா திரும்பிக்கூடப் பார்க்காமல் பேசிக்கொண்டிருந்தாள். இன்னொருமுறை அகவியது. பிறகு அந்தக் குச்சியைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, தோகையைச் சுருட்டிக்கொண்டு இறங்கிப் போய்விட்டது. இப்போது கோவிந்தாபுரம் ரோட்டில், தமிழ்நாட்டு எல்லைக்கு அந்தண்டை, லாரிகளைப் பார்த்துக் கத்திக்கொண்டிருப்பதாக ஜோமோன் சொல்கிறான். வேறு மாநிலத்துக்கு மாற்றலாகிப் போனாலும் கலெக்டர் கலெக்டர்தான். லாரிகள் நிற்கின்றனவாம்.