கொத்தனார் விட்டுப்போன கயிறு

பஸ் டிப்போவில் டைம்கீப்பராக இருந்த காலத்தில் அவருக்குப் பம்பரம் என்று பெயர். பெயர் வைத்தவர்கள் தப்பாக வைத்துவிடவில்லை. முப்பத்தோரு வருஷம் ஒரே நாற்காலி கொடுத்திருந்தார்கள். ஓய்வு பெற்ற அன்று அதைத் தூக்கிக் காட்டி, "இன்னும் புதுசாவே இருக்குது பாருங்க" என்று டிப்போவே சிரித்தது. எதிரில் இருப்பவர் ஒரு பேச்சைத் தொடங்கினால் போதும், பாதியிலேயே "புரிஞ்சிடுச்சு" என்று கிளம்பிவிடுவார். மறுபாதியைச் சுவரிடம்தான் சொல்ல வேண்டும்.

அவர் மனைவி தன் தங்கை வீட்டுக்குப் போய்ப் பதினெட்டு நாள் ஆகியிருந்தது. சண்டை ஒன்றும் இல்லை, புகைதான் காரணம் என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். மலையூர் அது. குளிர்காலம் வந்தால் அந்த வீட்டின் கூடத்தில், சுவரோடு கட்டிய கணப்பில் நெருப்பு இல்லாமல் உட்கார முடியாது. பக்கத்து வீட்டுக்காரர் மேல்மாடி எடுத்ததிலிருந்து, அந்தப் புதுச் சுவரில் மோதித் திரும்பும் காற்று, வெளியே போன புகையையும் கையோடு பிடித்துக்கொண்டு புகைபோக்கி வழியாகக் கூடத்துக்குள்ளேயே இறங்க ஆரம்பித்தது. அவளுக்கு ஏற்கெனவே மூச்சிழுப்பு. ஒரு மாதம் பொறுத்துப் பார்த்தாள், பிறகு பெட்டியைக் கட்டிவிட்டாள்.

தங்கையின் கணவர், அதாவது இவருடைய சகலை, நல்ல மனிதர். தொந்தரவே அதுதான். யாரும் கேட்காமலேயே தன் அடுக்குமாடிக் கட்டடத்தில் காலியான வீடு ஒன்றைப் பேசி வைத்தார். இந்த வீட்டை வாங்க ஆளையும் பிடித்துவிட்டார். புகைபோக்கியைச் சரி செய்தால் ஒரே ஒரு தடவை வந்து பார்ப்பேன், அப்போதும் புகைந்தால் வீட்டை விற்றுவிட்டு அங்கேயே வந்துவிடுங்கள் என்று மனைவி போனில் சொல்லிவிட்டாள். அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும். நிதானமாகச் சொன்னாள்.

கொத்தனார் வந்து, அண்ணாந்து பார்த்து, புகைபோக்கியை இன்னும் நாலடி உயர்த்தினால் காற்று தொல்லை செய்யாது என்றார். தகரக் குழாய் என்றால் அரை நாள் வேலை. ஆனால் தகரம் வைத்தால் வீடு தொழிற்சாலை மாதிரி இருக்கும், நான் தெருமுனையிலிருந்தே திரும்பிப் போய்விடுவேன் என்று மனைவி சொல்லியிருந்தாள். சரி, செங்கல்லே வைக்கலாம் என்றால், புதுச் செங்கல் பழையதோடு ஒட்டாது. வேட்டியில் ஒட்டுப் போட்டதுபோல் பளிச்சென்று தெரியும். விலையும் கையைக் கடித்தது. கடைசியில் கொத்தனாரே வழி சொன்னார். இரண்டு தெரு தள்ளி ஒரு பழைய பள்ளிக்கூடத்தின் மதிலை இடிக்கிறார்கள், செங்கல்லை அள்ளிக்கொண்டு போனால் சும்மாவே கொடுப்பார்கள். ஒட்டியிருக்கும் சுண்ணாம்பைத் தட்டி எடுக்கத்தான் ஆள் வேண்டும். மூன்று வரிக்கு ஒரு வரியை ஓர் அங்குலம் வெளியே துருத்தி வைத்துக் கட்டினால், நிறம் கொஞ்சம் மாறினாலும் வேண்டுமென்றே செய்த அழகு மாதிரி இருக்கும்.

ஆள் எதற்கு, பம்பரம் இருக்கும்போது? இரண்டே நாளில் முந்நூறு செங்கல்லையும் தட்டிச் சுத்தம் செய்துவிட்டார். கொத்தனாருக்குச் சாந்து குழைத்துக் கொடுத்ததும் அவரே, தண்ணீர் தூக்கியதும் அவரே. கொத்தனார் ஒரு வாளி கேட்டால் இரண்டு வரும். ஒரு சொல் கேட்டால்தான் அரைச் சொல்லோடு நின்றுவிடும்.

வேலை தொடங்கும்போது கொத்தனார் தன் வழக்கப்படி ஒரு சாக்கில் வைக்கோலை அடைத்து, பழைய புகைபோக்கியின் வாயில் இறுக்கித் திணித்தார். மேலே கட்டும்போது சாந்தும் கல்லும் உள்ளே விழாமல் இருக்கத்தான் அது. சாக்கில் கட்டிய கயிற்றைக் கட்டடம் உயர உயர மேலே கொண்டுவந்து, கடைசியில் உச்சியில் மழைக்காக வைத்த மூடுகல்லுக்குக் கீழே, புகை போக விட்டிருந்த இடைவெளி வழியாக வெளியே தொங்கவிட்டார். "சார், இந்தக் கயிறு இருக்குதே" என்று அவர் ஆரம்பித்தபோது, பம்பரம் "புரிஞ்சிடுச்சு" என்று தண்ணீர் எடுக்க இறங்கிப் போய்விட்டார். சாந்து காயட்டும், வெள்ளிக்கிழமை நானே வந்து இழுத்து எடுக்கிறேன், அதுவரை நெருப்பு மூட்ட வேண்டாம் என்ற மறுபாதி மொட்டைமாடிக் காற்றோடு போயிற்று.

வேலை செவ்வாய்க்கிழமை முடிந்தது. பம்பரம் தெருவில் இறங்கி நின்று பார்த்தார். அச்சு அசல் அந்த வீட்டோடு பிறந்தது மாதிரி இருந்தது. ஞாயிற்றுக்கிழமை அவளை அழைத்து வருவதாகப் பேச்சு. அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. சகலைக்குப் போன் போட்டு வியாழக்கிழமையே கொண்டுவந்து விடச் சொன்னார். புதன்கிழமை முழுக்கத் தெருவுக்கும் வீட்டுக்கும் நடந்து, பத்துத் தடவை அண்ணாந்து பார்த்தார். பத்துத் தடவையும் அந்தக் கயிறுதான் கண்ணை உறுத்தியது. சாரம் கட்டிய கயிற்றைக் கொத்தனார் மறந்துவிட்டுப் போயிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு, ஏணி வைத்து ஏறி அறுத்தார். உள்முனை உள்ளே விழுந்தது. வெளியே தொங்கிய துண்டை வீணாக்காமல், அதைக் கொண்டே கணப்புக்கு வாங்கிய விறகைக் கட்டி வைத்தார்.

வியாழக்கிழமை பதினோரு மணிக்குக் கார் வந்தது. மனைவி கைப்பையோடு இறங்கினாள். பெட்டி டிக்கியிலேயே இருந்ததை அவர் கவனித்தார். சாயங்காலம் ஆறு மணிக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டுச் சகலை கிளம்பிப் போனார்.

அவள் தெருவில் நின்று நிமிர்ந்து பார்த்தாள். துருத்தி நின்ற வரிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். "அழகா இருக்கு" என்றாள். அந்த ஒரு சொல்லுக்காக இன்னும் முந்நூறு செங்கல் தட்டலாம் என்று அவருக்குத் தோன்றியது.

உள்ளே ஓடிப்போய், கட்டிலிருந்து நாலைந்து விறகை உருவி மூட்டினார். இரண்டு நிமிஷம் நன்றாகத்தான் எரிந்தது. பிறகு புகை கணப்பின் வாயிலிருந்து பாயைச் சுருட்டுவதுபோல் சுருண்டு வெளியே வந்தது. கூடம் நிறைந்தது. முன்பு வந்தது இதில் பாதி கூட இல்லை. அவள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு முன்வாசலுக்கு வந்து, அங்கே கிடந்த நாற்காலியில் உட்கார்ந்து மருந்தை உறிஞ்சினாள். அவர் நெருப்பின் மேல் ஒரு குடம் தண்ணீரைக் கொட்டிவிட்டு, கண்ணில் நீர் வழிய வெளியே வந்தார். எல்லாம் போயிற்று என்று நினைத்தார்.

"மேல பாருங்க" என்றாள் அவள், மூச்சு வாங்கிக்கொண்டே. "உள்ள அத்தனை புகை. அங்க ஒரு நூல்கூட வரல. எங்கயோ அடைச்சிருக்கு."

அவர் கொத்தனாருக்குப் போன் போட்டார். கொத்தனார் கேட்டது ஒரே கேள்வி.

"சார், அந்தக் கயிறை நீங்க தொடலையே?"

கதவு வழியாக விறகுக்கட்டு தெரிந்தது. அதைக் கட்டியிருந்த கயிறும் தெரிந்தது. மூட்டை, சாந்து, வெள்ளிக்கிழமை என்று கொத்தனார் மறுபாதியை முதலிலிருந்து சொன்னார். இந்தத் தடவை அவர் கடைசிவரை கேட்டார். கேட்காமல் வேறு வழியும் இல்லை. பக்கவாட்டில் நாலு செங்கல்லை எடுத்தால் மூட்டையை இழுத்துவிடலாம், மூன்று மணிக்கு மேல்தான் வர முடியும், நீங்கள் மட்டும் ஏறிவிடாதீர்கள் என்று சொல்லி வைத்தார்.

போனை வைத்த கையோடு பம்பரம் ஏணியைப் பிடித்துவிட்டார்.

"அதை விடுங்க" என்றாள் மனைவி.

"நாலு கல்லுதானே, நானே..."

"இங்க வந்து உக்காருங்க. நான் ஒண்ணு சொல்லணும்."

வந்தார். உட்காரவில்லை. அவள் எதிர் நாற்காலியைக் காட்டிக்கொண்டே இருந்தாள். நுனியில் உட்கார்ந்தார்.

"நான் புகையால மட்டும் போகல. அங்க இருந்த நாளெல்லாம் எனக்கு நல்லா மூச்சு வந்துச்சு. மருந்து அதே மருந்துதான். ஆனா யாரும் குறுக்கயும் நெடுக்கயும் நடக்கல. நான் ஒண்ணு சொன்னா..."

"புரிஞ்சிடு..."

"இன்னும் முடிக்கல."

அவர் வாயை மூடினார்.

"நான் ஒண்ணு சொன்னா, முடிக்கிற வரைக்கும் கேட்டாங்க. இத்தனை வருஷத்துல இந்த வீட்டுல எனக்கு அது நடந்ததே இல்ல. கொத்தனார் வந்து வேலையை முடிக்கட்டும். அதுவரைக்கும் நீங்க இந்த நாற்காலியை விட்டு எந்திரிக்கக் கூடாது, ஏணியைத் தொடக் கூடாது, அவருக்கு யோசனை சொல்லக் கூடாது. ஆறு மணிக்கு நான் போறேனா இருக்கேனான்னு சொல்றேன்." கொஞ்சம் நிறுத்தி, "இப்ப முடிச்சிட்டேன்" என்றாள்.

அவருக்கு அவமானமாக இருந்தது. அதைவிட, இது தனக்கு இத்தனை நாள் தெரியவில்லையே என்பது வலித்தது.

உட்கார்ந்திருப்பது இவ்வளவு கஷ்டமான வேலை என்று அவருக்கு அதுவரை தெரியாது. கால் தானாக ஆடியது. கையால் பிடித்து நிறுத்தினார். தண்ணீர்க் குழாய் சொட்டியது, எழுந்து போய் மூடவில்லை. தபால்காரர் வாசல் கதவைத் திறந்து போட்டுவிட்டுப் போனார், எழுந்து போய்ச் சாத்தவில்லை. அவள் உள்ளே போய் ஜன்னல்களைத் திறந்தாள், கரியைத் துடைத்தாள். இரண்டு தட்டில் சாப்பாடு கொண்டுவந்தாள். இரண்டு பேரும் வாசலிலேயே சாப்பிட்டார்கள். தங்கை வீட்டில் பார்த்த ஒரு பூனையைப் பற்றி அவள் நெடுநேரம் சொன்னாள். அந்தக் கதைக்கு ஒரு முடிவு இருந்தது என்பதே அவருக்கு ஆச்சரியமாக இருந்தது.

கொத்தனார் வந்தபோது மணி நாலரை. பம்பரம் இப்படி உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, "உடம்பு சரியில்லையா சார்?" என்று உண்மையாகவே கவலைப்பட்டார். ஏறினார், நாலு செங்கல்லைப் பெயர்த்தார், கையை விட்டு மூட்டையை இழுத்துக் கீழே போட்டார். கரி படிந்த சாக்கு பொத்தென்று விழுந்தது. வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. செங்கல்லை அவசரமாகத் திரும்ப வைத்துப் பூசினார். மூன்றாவது கல்லின் ஒரு மூலை கால் அங்குலம் வெளியே தள்ளியிருந்தது.

அரை நிமிஷம் தாமதமாக வந்த பஸ்ஸையே விடாத கண். அது எப்படி விடும்? சொல் தொண்டை வரை வந்துவிட்டது. நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு அதை விழுங்கினார். கொத்தனார் இறங்கி, சின்னதாக இரண்டு விறகு மட்டும் மூட்டிப் பார்க்கச் சொல்லிவிட்டுப் போனார்.

மனைவிதான் மூட்டினாள். கூடத்தில் புகை இல்லை. வாசலுக்கு வந்து நிமிர்ந்து பார்த்தாள். மூடுகல்லுக்குக் கீழிருந்து புகை எழுந்து, பக்கத்து வீட்டு மாடியைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.

"மூணாவது கல்லு கோணலா இருக்கு" என்றாள்.

"ஆமா."

"எப்பப் பார்த்தீங்க?"

"அவர் வைக்கும்போதே."

தெருவில் ஹாரன் அடித்தது. மணி ஆறு. அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு கேட்டைத் திறந்து போனாள். காரின் ஜன்னலில் குனிந்து சகலையோடு ஏதோ பேசினாள். என்ன பேசினாள் என்று கேட்கவில்லை. எழுந்து நாலடி நடந்தால் கேட்கும். அவர் எழவில்லை. டிக்கி திறந்து மூடும் சத்தம் கேட்டது, பிறகு கார் கிளம்பும் சத்தம்.

அவள் கேட்டருகே நின்றிருந்தாள், காலடியில் பெட்டி.

"கனமா இருக்கு" என்றாள். "இப்ப எந்திரிக்கலாம்."