எண்ணெய்ப் போத்தல் ஃபெரி

அடுக்குமாடியின் கீழ்த்தள மண்டபத்தில் மறுபடியும் பிளாஸ்டிக் நாள் வந்தது. அது பிள்ளைகள் வைத்த பெயர். நோட்டீஸில் 'குடும்பக் கைவினை நாள்' என்று போட்டிருக்கும். வீட்டில் சேர்ந்த போத்தல், டப்பா, மூடி எல்லாவற்றையும் கழுவி எடுத்து வர வேண்டும். குடும்பமாக உட்கார்ந்து ஏதாவது செய்ய வேண்டும். நன்றாக இருப்பதற்கு ஒரு ஹேம்பர், பரிசுக் கூடை, கிடைக்கும்.

நூர்ஜான் அக்கா மாடியேறி வந்து சுகுமாரன் வீட்டுக் கதவைத் தட்டினாள். குடியிருப்புச் சங்கத்தில் ஓடியாடுகிற வேலையெல்லாம் அவள் தலையில்தான்.

"சுகு, இந்த வருஷமும் ஒரு ஃபெரி செஞ்சு தா லா. சின்னதுங்க எல்லாம் அதைத்தான் கேக்குதுங்க."

"வேணாங்க்கா. வேலை இருக்கு."

"ஞாயித்துக்கிழமை உனக்குப் போர்ட்ல என்ன வேலை? கண்டெய்னரைக் குளிப்பாட்டப் போறியா?"

சுகுமாரன் சிரிக்கப் பார்த்தான். உள்ளேயிருந்து பிரமிளாவின் குரல் வந்தது.

"செய்வாருக்கா. நாங்க வர்றோம்."

மகள் லோஷினி இறந்த பிறகு பிரமிளா ஓர் இடத்துக்கு வருகிறேன் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. நூர்ஜான் அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்தபடி இறங்கிப் போனாள். சுகுமாரன் கதவைச் சாத்திவிட்டு அங்கேயே நின்றான்.

போன வருஷத்து ஃபெரிக் கப்பலை அவனும் லோஷினியும் செய்தார்கள். பெரிய சமையல் எண்ணெய்ப் போத்தல் ஒன்றைப் படுக்க வைத்து மேல்பக்கத்தை வெட்டினான். வெட்டிய இடத்தில் ஒரு மார்ஜரின் டப்பாவை இறுக்கமாகப் பொருத்தினான். டப்பாவில் மண். மண்ணில் ஒரு பணச்செடி. டப்பாவின் அடியில் துளையிட்டுத் துணித்திரி ஒன்றைத் தொங்கவிட்டான். போத்தலுக்குள் தண்ணீர் நிற்கும். திரி அதை உறிஞ்சிச் செடிக்குக் கொடுக்கும். போத்தலின் வாய்தான் கப்பலின் மூக்கு. தண்ணீர் குறைந்தால் அது வழியாக ஊற்றிக்கொள்ளலாம்.

"மேல்தட்டுல மண்ணு, கீழ்த்தட்டுல தண்ணி," என்றான்.

"கீழ்த்தட்டுல மோட்டார் சைக்கிள்தான்ப்பா ஏறும். தினமும் அதுலதான் கடல் தாண்டிப் பட்டர்வொர்த் போறீங்க, இது கூடத் தெரியல."

"சரிங்க கேப்டன்."

மஞ்சள் சாயம் அடித்தார்கள். கறுப்பு மார்க்கரால் அவள் ஜன்னல்கள் வரைந்தாள். ஒவ்வொரு ஜன்னலிலும் ஒரு தலை. ஒரு தலைக்குக் கொண்டை போட்டு, அது அம்மா என்றாள். பிறகு புகைபோக்கி எங்கே என்று கேட்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். சுகுமாரன் போத்தலின் சிவப்பு மூடியை எடுத்துக் கைப்பிடிமேல் பசை வைத்து ஒட்டினான். அவள் கைதட்டினாள்.

போத்தலின் வாய் திறந்தே இருந்தது.

ஹேம்பர் அவர்களுக்குத்தான் கிடைத்தது. ஃபெரியை வீட்டு வாசலுக்கு எதிரே நடைபாதைக் கம்பியில் தொங்கவிட்டார்கள். செடி நன்றாக வளர்ந்தது. போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

லோஷினிக்குக் காய்ச்சல் வந்தது. இரத்தப் பரிசோதனையில் டெங்கி என்றார்கள். பிரமிளா ஆஸ்பத்திரியில் தங்கினாள். சுகுமாரன் மாற்றுத் துணி எடுக்க மத்தியானம் வீட்டுக்கு வந்தான். சாவியைப் போடும்போது திரும்பிப் பார்த்தான். ஃபெரியின் மூக்கில் ஒரு கொசு உட்கார்ந்திருந்தது. காலில் வெள்ளை வரி. ஊதினான். பறந்தது. கைப்பேசி விளக்கை உள்ளே அடித்தான். தண்ணீரில் புழுக்கள் தலைகீழாகத் தொங்கின. வெளிச்சம் பட்டதும் நெளிந்து நெளிந்து ஆழத்துக்கு இறங்கின.

தண்ணீரைச் சாக்கடையில் கொட்டவில்லை. வெயிலில் காய்ந்த சிமெண்டுத் தரையில் ஊற்றி, அது காயும்வரை நின்றான். பிறகு ஃபெரியைக் கீழே வைத்து மிதித்தான். போத்தல் நசுங்குவதற்கு வெகுநேரம் பிடித்தது. பையில் கட்டிக் கீழே குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு, துணிகளை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனான்.

லோஷினி வீடு திரும்பவில்லை.

சுகாதார இலாகா ஆட்கள் வந்து புகை அடித்தார்கள். அடுக்குமாடிக்குப் பின்னால் பாதியில் நின்றுபோன கட்டடத்தில் கொசுப்புழு இருந்தது. எல்லாரும் அதைக் கட்டியவனைத் திட்டினார்கள். சுகுமாரனும் தலையாட்டினான். பிரமிளா ஃபெரியைத் தேடியபோது, "புகை அடிச்சவங்க எடுத்துட்டுப் போயிட்டாங்க," என்றான்.

"அவ வரைஞ்ச ஜன்னல் அதுல இருக்கே."

"சொன்னேன். கேக்கல."

ஒரு வாரம் விடாமல் கேட்டாள். பிறகு கேட்பதை நிறுத்திவிட்டாள். அவன் அதை நிம்மதி என்று எடுத்துக்கொண்டான். காலையில் ஃபெரியில் மோட்டார் சைக்கிளோடு நிற்கும்போதும், போர்ட்டில் ஃபோர்க்லிஃப்ட்டில் உட்கார்ந்திருக்கும்போதும் அவனுக்கு ஒரே நினைப்புதான். பிள்ளையைக் கொன்றது அப்பன் செய்த பொம்மை என்று அவளுக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் அவன் கையால் ஒரு வாய் தண்ணீர்கூட வாங்க மாட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மண்டபம் இரைச்சலாக இருந்தது. ஹாஜராவின் குடும்பம் ஷாம்பு போத்தல்களில் பென்குயின் செய்தது. சுப்பையா வீட்டில் தயிர் டப்பாக்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிக் கோபுரம் என்றார்கள். ஒருபக்கம் சாய்ந்திருந்தது.

"அண்ணே, கும்பாபிஷேகத்துக்கு முந்தியே விழுந்துரும்போல," என்றாள் நூர்ஜான்.

"வாயை வச்சிக்கிட்டுச் சும்மா இரு," என்றார் சுப்பையா.

பிரமிளா எண்ணெய்ப் போத்தலைக் கழுவிக் காயவைத்துக் கொண்டுவந்திருந்தாள். சுகுமாரன் மேலே வெட்டவில்லை.

"செடி வேணாம். சும்மா பொம்மையா இருக்கட்டும்," என்றான்.

"ம்."

மஞ்சள் சாயம் அடித்தார்கள். காயும்வரை காத்திருந்தார்கள். பிறகு அவன் மார்க்கரை எடுத்து ஜன்னல்கள் வரையத் தொடங்கினான். கோடு நேராக வரவில்லை.

நூர்ஜான் வந்து எட்டிப் பார்த்தாள். "என்னடி பிரமிளா, மூடி இல்லாத போத்தலாக் கொண்டாந்திருக்கே? புகைபோக்கிக்கு எங்க போவே?"

பிரமிளா கைப்பையைத் திறந்தாள். உள்ளே கைவிட்டு ஒரு சிவப்பு மூடியை எடுத்தாள். அதன் தலையில் பழைய பசை காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தது. ஓரத்தில் மஞ்சள் சாயம்.

சுகுமாரனின் மார்க்கர் நின்றது.

அவள் மூடியைப் போத்தலின் வாயில் வைத்துத் திருகினாள். சரியாகப் பொருந்தியது.

"புகைபோக்கி வேணாங்க்கா. இது வாய்க்குப் போடறது."

"அது சரி, உங்க கப்பல், உங்க இஷ்டம்," என்றாள் நூர்ஜான். அடுத்த மேசையைப் பார்த்துக் கத்தினாள். "யூசுப்! பசையை மூஞ்சில தடவாதே லா!" அந்தப் பக்கம் ஓடினாள்.

சுகுமாரன் மூடியையே பார்த்தான்.

"எங்க கெடச்சுச்சு?"

"செருப்பு அடுக்குக்குப் பின்னால. நசுங்குன மஞ்சத் துண்டும் கெடந்துச்சு. எடுத்துட்டுப் போறவங்க நம்ம வாசல்ல வச்சா மிதிப்பாங்க?"

"எப்போ?"

"பதினாறாம் நாளுக்கு வீடு கூட்டினப்ப."

"அப்பவே தெரியுமா?"

அவள் ஆமென்று தலையசைத்தாள்.

"ஏன் கேக்கல?"

பிரமிளா மேசைமேல் சிந்தியிருந்த சாயத்தை நகத்தால் சுரண்டினாள். பக்கத்தில் சுப்பையாவின் கோபுரம் சரிந்தது. பிள்ளைகள் ஓவென்று சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் சொன்னாள்.

"கேட்டா நீங்க சொல்லிருவீங்க. அப்புறம் நானும் சொல்லணும்."

"நீ என்ன சொல்லணும்? செஞ்சது நான்."

"தினமும் தண்ணி ஊத்தினது நானு."

"உனக்குத் தெரியாதே."

"காய்ச்சலுக்கு முந்தி ஒரு நாள் காலையில," என்றாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "ஃபெரிகிட்ட நின்னுக்கிட்டுக் கூப்பிட்டா. அம்மா, கீழ்த்தட்டுல ஆளு ஏறிட்டாங்கம்மா, குட்டிக் குட்டியா, குதிச்சுக் குதிச்சு நீந்துறாங்க, வந்து பாரும்மான்னா. நான் தோசை ஊத்திக்கிட்டு இருந்தேன். சும்மா வெளையாடுதுன்னு நெனச்சேன். டிக்கெட் எடுத்தாங்களான்னு கேளுடின்னேன்."

சுகுமாரன் மிச்சமிருந்த ஜன்னல்களை வரைந்தான்.

"அவ கேட்டா. நெஜமாவே போத்தல் வாயில வாயை வச்சுக் கேட்டா. எல்லாரும் எடுத்துட்டாங்களாம்மான்னு அங்கேருந்து கத்தினா." பிரமிளா மூக்கை உறிஞ்சினாள். "நான் திரும்பிப் பாக்கல."

மண்டபத்தில் யாரோ மைக்கைத் தட்டிப் பார்த்தார்கள். எல்லாரும் செய்ததை முன்னால் கொண்டுவந்து வைக்கச் சொன்னார்கள்.

ஜன்னல்கள் எல்லாம் வரைந்தாகிவிட்டது. தலைகள் இல்லை. சுகுமாரன் மார்க்கரை அவள் பக்கம் நகர்த்தினான். அவள் அதை எடுக்கவில்லை. போத்தலைப் பிடித்துக்கொண்டு மூடியை இன்னொரு தடவை திருகினாள். அது ஏற்கெனவே இறுகித்தான் இருந்தது.